நாலாம் பிரஜை

ஷேக்ஸ்பியருடைய ‘ஜூலியஸ் சீஸர்’ நாடகத்தைப் படித்தவர் யாரையாவது நிறுத்தி, “படிக்கும்போது நீங்கள் அதில் யாராக இருந்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். இளம் வயதுக்காரர் என்றால் புரூட்டஸ் என்பார். மேடையேறிக் கைதட்டல் வாங்கிப் பழகியவர் ஆண்டனி என்பார். ஆபீஸில் தமக்கு வரவேண்டிய பதவி உயர்வு அடுத்த மேஜைக்காரருக்குப் போய்விட்டதைக் கண்டு வயிறெரிந்தவர், வாயால் சொல்லாவிட்டாலும், மனசுக்குள் காஸியஸாக இருந்திருப்பார். சீஸராகவே இருந்தேன் என்று சொல்லக்கூடியவர்களும் உண்டு; அவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தாம் பாவம்.

நாலாம் பிரஜையாக இருந்தேன் என்று ஒருவரும் சொல்லமாட்டார். அந்த நாடகத்தில் அப்படி ஒருவன் இருக்கிறான். அவனுக்குப் பெயர் கிடையாது. முதலாம் பிரஜை, இரண்டாம் பிரஜை, மூன்றாம் பிரஜை, அப்புறம் அவன். ரேஷன் கடை வரிசையில் நிற்பவனைப் போல ஒரு நம்பர், அவ்வளவுதான். எனக்கு ஒரு தடவை அவனாக இருக்கும்படி நேர்ந்தது. அன்றைக்கு நடந்த ஒரு காரியத்தை இத்தனை வருஷமாகியும் என்னால் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. அதைச் செய்தது அவனா, நானா என்பதுதான் வழக்கு.

கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். ஆங்கில வகுப்பு என்றால் எங்களுக்கு ஒரே முறைதான் பழக்கம். ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார். வெரிட்டி துரையின் குறிப்புகளைப் பார்த்து அர்த்தம் சொல்வார். நாங்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வோம். “இதைச் சொன்னவர் யார், யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில்?” என்று பரீட்சையில் கேட்பார்கள். மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால் நாடகம் முடிந்துபோயிற்று. யாராவது அதை நடிப்பார்கள் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. கடைத்தெரு நோட்ஸை வைத்துக்கொண்டு, மூலத்தைத் திறவாமலே தேறியவர்கள் எங்களில் பாதிப் பேர்.

இரண்டாவது வருஷம் புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். மெலிந்த மனிதர். மூன்றாவது அங்கத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, “பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளுங்கள்” என்றார். தள்ளினோம். நடுவில் பெரிய வெற்றிடம். எங்களுக்கு வெட்கமும் சிரிப்பும் தாங்கவில்லை. இங்கிலீஷில் பேசினாலே உளறுகிற பயல்கள், இங்கிலீஷில் நடிப்பதா? அவர் பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றிச் சொன்னார். சுகுண விலாச சபையை 1891-ல் தொடங்கிய அந்த மனிதர், ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் மாக்பெத்தை மகபதியாகவும் தமிழில் மேடையேற்றினவர். “அவரால் முடிந்தது. உங்களால் ஒரு காட்சி முடியாதா?” என்றார்.

அவர் செய்த ஏற்பாடு வினோதமானது. ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார். அதில் அவனவன் வசனம் மட்டும் இருக்கும். ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும், எதைக் கேட்டவுடன் பேசவேண்டுமோ அந்த இரண்டு மூன்று வார்த்தைகள் மட்டும் இருக்கும். மற்றவன் என்ன பேசப் போகிறான் என்பது தெரியாது. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களுக்கு இப்படித்தான் பாடம் கொடுப்பார்களாம். எட்வர்ட் அலெய்ன் என்ற பிரபல நடிகருக்கு எழுதிக் கொடுத்த அப்படிப்பட்ட சுருள் ஒன்று லண்டனில் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. முழு நாடகத்தையும் கையெழுத்தில் படியெடுப்பது பெரிய செலவு. முழுப் பிரதி வெளியே போனால் வேறு கம்பெனிக்காரன் அடித்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயமும் உண்டு. காரணம் எதுவானாலும், பலன் பெரிது. சீட்டை மட்டும் வைத்திருப்பவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வருஷத்தில் நாங்கள் மற்றவன் பேச்சைக் கவனித்துக் கேட்டது அந்த ஒரு வாரம்தான்.

நாங்கள் நடிக்க எடுத்துக்கொண்டது, சீஸரைக் கொன்ற பிறகு ரோமாபுரிச் சந்தை வெளியில் நடக்கிற காட்சி. கி.மு. 44-ஆம் வருஷத்துக் கதை. முதலில் புரூட்டஸ் பேசுகிறான், வசன நடையில், சுருக்கமாக, நியாயம் எடுத்துச் சொல்கிற தோரணையில். பிறகு ஆண்டனி செய்யுளில் பேசுகிறான். புரூட்டஸ் கொடுத்த அனுமதியோடுதான் பேசுகிறான். கொலைகாரர்களை மரியாதைப்பட்டவர்கள் என்று திரும்பத் திரும்பப் புகழ்ந்துகொண்டே அவர்கள் தலைக்கு விலை வைத்துவிடுகிறான். இரண்டு பேச்சையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லாத பரீட்சையே அந்தக் காலத்தில் இல்லை. நானும் பக்கம் பக்கமாக எழுதியவன்தான்.

நடிக்கப் போனபோதுதான் ஒன்று புரிந்தது. அந்தப் பேச்சு ஆண்டனியுடையது மட்டும் அல்ல. அதில் பாதி எங்களுடையது. சிறிது பேசிவிட்டு அவன் நிறுத்துகிறான். துக்கம் தொண்டையை அடைப்பதாகச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அந்த இடைவெளியில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறோம். அவன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எங்கள் பேச்சு எவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த படியில் காலை வைக்கிறான். உயிலைக் காட்டுகிறான், ஆனால் படிக்கமாட்டேன் என்கிறான். படி, படி என்று கேட்பது நாங்கள். அவனாக ஒன்றும் திணிக்கவில்லை. புத்தகத்தில் படிக்கிறபோது பிரஜைகளின் வரிகள் பெரிய பேச்சுக்கு நடுவே கல்லும் முள்ளுமாகத் தோன்றும். கண் தாண்டிப் போய்விடும். கூட்டத்துக்குள் நின்றால், அந்தச் சின்ன வரிகளில்தான் காட்சி நகர்கிறது.

என் சீட்டைத்தான் சொல்லவேண்டும். ஆண்டனி மேடையேறுகிற போது, இங்கே புரூட்டஸைப் பற்றிக் குறைவாக எதுவும் பேசாமல் இருந்தால் அவனுக்கு நல்லது என்று உறுமுகிறவன் நாலாம் பிரஜை. நூறு வரிகூடக் கழியவில்லை. மரியாதைப்பட்டவர்களாவது, துரோகிகள் என்று முதலில் கத்துகிறவனும் அதே நாலாம் பிரஜை. முதல் நாள் ஒத்திகையில் எனக்கு இது பொருத்தமில்லாமல் பட்டது. ஒரு மனிதன் இவ்வளவு சீக்கிரம் மாறுவானா என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

“நீ என்ன தொழில் செய்கிறாய்? காலையில் என்ன சாப்பிட்டாய்? யாருக்குக் கடன் பாக்கி?” என்றார். கூட்டத்தில் நின்ற ஐம்பது பேரிடமும் அதையே கேட்டார். “கூட்டம் என்று ஒன்று கிடையாது. ஐம்பது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது” என்று சொன்னார். எனக்கு அப்போது மெஸ்ஸுக்கு இரண்டு மாத பாக்கி. ஆகவே நாலாம் பிரஜைக்கும் மெஸ் பாக்கி என்று வைத்துக்கொண்டேன். உயிலில் ஒவ்வொரு ரோமானியனுக்கும் 75 டிராக்மா எழுதிவைத்திருக்கிறார் சீஸர் என்று ஆண்டனி வாசித்தபோது, உண்மையாகவே எனக்குக் கண் கலங்கிற்று. அந்தப் பணத்துக்கு என்ன ஆயிற்று என்று பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. நாலாவது அங்கத்தின் முதல் காட்சியிலேயே, அந்த உயிலைக் கொண்டுவரச் சொல்லி, அதில் எதையெல்லாம் வெட்டிச் செலவைக் குறைக்கலாம் என்று ஆண்டனி தன் கூட்டாளிகளோடு யோசனை செய்கிறான். பரீட்சையில் ஒருவரும் கேட்காத வரி அது. கேட்டிருக்க வேண்டும்.

இதற்குள் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. கூட்டம் தீவட்டி தேடிக்கொண்டு ஓடுகிறது. வழியில் ஒருவன் அகப்படுகிறான். பெயர் என்ன என்று கேட்கிறார்கள். ஸின்னா என்கிறான். சீஸரைக் கொன்ற கூட்டத்தில் ஒரு ஸின்னா உண்டு. நான் அவன் அல்ல, கவி ஸின்னா என்று இவன் கதறுகிறான். பயனில்லை. நாலாம் பிரஜை ஒரு வழி கண்டுபிடிக்கிறான்: சதிக்காக இல்லாவிட்டால் போகட்டும், மட்டமான கவிதை எழுதியதற்காகவாவது கிழித்துப் போடலாம் என்கிறான். புளூடார்க் எழுதிவைத்த சம்பவத்தை ஷேக்ஸ்பியர் எடுத்துக்கொண்டார்; கவிதையைப் பற்றிய இந்தக் குரூரமான வேடிக்கை மட்டும் ஷேக்ஸ்பியர் சேர்த்தது. அவரும் கவிதான், தெரிந்துதான் சேர்த்திருப்பார்.

நெடுங்காலம் மேடைக்காரர்கள் இந்தக் காட்சியை வெட்டிவிடுவதே வழக்கமாக இருந்தது. ஆண்டனியாக நடிக்கிற பெரிய நடிகர் தம் கைதட்டலோடு திரை விழுவதைத்தானே விரும்புவார்? 1937-ல் நியூயார்க்கில் ஆர்ஸன் வெல்ஸ் இந்த நாடகத்தை அந்தக் காலத்து உடையிலேயே போட்டபோது ஸின்னாவைத் திரும்பக் கொண்டுவந்தார். இருட்டிலிருந்து கூட்டம் சிறிது சிறிதாக வந்து ஓர் அப்பாவியைச் சூழ்ந்துகொண்டது. இத்தாலியில் முஸ்ஸோலினியும் ஜெர்மனியில் ஹிட்லரும் ஆண்ட வருஷம். பார்த்தவர்களுக்கு வியாக்கியானம் தேவைப்பட்டிருக்காது.

எங்கள் ஆசிரியரும் அதை விடவில்லை. ஸின்னா யார் என்பதில் விவாதமே எழவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு கவி இருந்தான். பெயர் வேண்டாம். நெற்றியில் எப்போதும் விபூதி. சட்டையில் மேல் பொத்தான் இராது. ஒரு வாரப் பத்திரிகையில் அவன் கவிதை ஒன்று வந்திருந்தது. பச்சைக் காலிகோ அட்டை போட்ட நோட்டு ஒன்றை எங்கே போனாலும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருப்பான். ஒரு மாசத்துக்கு முன்னால், ஹாஸ்டல் மொட்டை மாடியில் எனக்கு மட்டும் அதைப் படித்துக் காட்டினான். அதில் ஒன்று, தண்ணீர் வற்றிய கிணற்றுக்குள் ஏற்றச் சால் இறங்குகிற சத்தத்தைப் பற்றியது. படித்து முடித்து, “எப்படிடா இருக்கு?” என்றான். “சுமாரா இருக்கு” என்றேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போது நான் பத்திரிகைகளுக்குக் கதைகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். போனவை எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. இது அவனுக்குத் தெரியாது; யாருக்குமே தெரியாது.

நடித்த நாளன்று பக்கத்து வகுப்புப் பையன்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். எங்கள் வேஷ்டியையும் மேல்துண்டையும் ரோமாபுரி உடையாகச் சுற்றிக்கொண்டோம், கச்சிதமாகவே இருந்தது. ஆசிரியருடைய கறுப்புக் கோட்டைப் போர்த்திய பெஞ்சுதான் சீஸருடைய பிரேதம். ஆண்டனியாக நின்றவனுக்கு நல்ல கண்டம், மோசமான உச்சரிப்பு. அந்த உச்சரிப்பை முதல் பத்து வரிக்குப் பிறகு யாரும் கவனிக்கவில்லை. பெஞ்சுகளை உதைத்துக்கொண்டு, தொண்டை கிழிய, கொளுத்து, கொல்லு என்று இங்கிலீஷில் கத்தினோம். அதில் ஓர் ஆனந்தம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரவல் பாஷையில் அந்த வார்த்தைகளுக்குக் கனமே இல்லை. பஞ்சு மூட்டையைத் தூக்கி எறிகிற மாதிரி எறியலாம்.

ஸின்னா வந்தான். அவன் கையில் பழைய விடைத்தாளைச் சுருட்டிக் கொடுத்திருந்தோம், கவியின் ஏடு என்று. கூச்சலில் அது எங்கேயோ விழுந்துவிட்டது போலும். பழக்க தோஷத்தில் கக்கத்தில் பச்சை நோட்டு இருந்தது. நாங்கள் சூழ்ந்துகொண்டோம். அவன் நன்றாகவே நடித்தான். பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். என் முறை வந்தது. சீட்டில் இருந்த வரியை இங்கிலீஷில் சொன்னேன். அதோடு நின்றிருக்க வேண்டும்.

“மட்டமான கவிதைடா! கிழிடா!”

இது என் சீட்டில் இல்லை. நோட்டைப் பிடுங்கியதும் நான்தான். முதல் தாளைக் கிழித்ததும் நான்தான். அப்புறம் பத்துக் கைகள் வந்தன. ஜன்னலில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். ஆசிரியர் மேஜையைத் தட்டி, “பிரமாதம், பிரமாதம்!” என்றார். அவருக்கு அது விடைத்தாள் இல்லை என்று தெரிய நியாயமில்லை. மணி அடித்துவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். அவனும் சிரித்தான். குனிந்து தாள்களைப் பொறுக்கி அடுக்கினான். “ஒரு பக்கம் காணலைடா” என்றான். “கிடைக்கும்டா, நடிப்புத்தானே” என்றேன்.

பிளேட்டோ, ‘குடியரசு’ என்ற தம் நூலின் மூன்றாம் பகுதியில், காவல் காக்கப் பழக்குகிற இளைஞர்களை இழிந்த பாத்திரங்களாக நடிக்கவிடக்கூடாது என்கிறார். சிறு வயதிலிருந்து எதைப் போலச் செய்கிறோமோ அது குரலிலும் உடம்பிலும் மனசிலும் ஊறிச் சுபாவமாகிவிடும் என்பது அவர் பயம். பெரியவர் சொல்வதைச் சுலபமாகத் தள்ள முடியாது. ஆனால் எனக்கு நேர்ந்தது அவர் பயந்ததற்கு நேர் எதிரானது. வேஷம் வெளியிலிருந்து எனக்குள் எதையும் கொண்டுவரவில்லை. உள்ளே இருந்தது வெளியே போக வேஷம் ஒரு கதவு திறந்துவிட்டது. நாலாம் பிரஜைக்குப் பொறாமை கிடையாது; அவனுக்கு அந்தக் கவியைத் தெரியவே தெரியாது. பொறாமை கொண்டுபோனவன் நான். பாவம், அவன்மேல் பழியைப் போட்டேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் இருந்த டிடரோ வேறு விதமாகச் சொன்னார். பெரிய நடிகன் எதையும் உணர்வதில்லை, பிறரை உணரவைக்கிறான், கண்ணீர் வருவதும் அவன் மூளையின் உத்தரவுப்படியே என்பது அவர் கட்சி. தேர்ந்த நடிகனுக்கு இது பொருந்தலாம். ஆனால் நடிப்பு என்றால் என்னவென்று தெரியாத ஐம்பது பயல்களைக் கூட்டி ஒருவன்மேல் ஏவிவிட்டால், எத்தனை மூளைகள் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும்? எங்கள் ஆசிரியர் ஐம்பது பேருக்கும் ஐம்பது வீடு கட்டிக் கொடுத்தார். கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒருவனும் தன் வீட்டில் இல்லை. நான் மட்டும் இருந்தேனோ என்றுதான் எனக்குச் சந்தேகம். ஏனென்றால் மற்றவர்களுக்கு அது ஒரு நோட்டு. எனக்குத்தான் அதில் என்ன இருந்தது என்று தெரியும்.

இந்த விஷயத்தில் நம்முடைய தெருக்கூத்துக்காரர்கள் தத்துவ ஞானிகளைவிடத் தெளிவானவர்கள் என்று நினைக்கிறேன். பழைய வட ஆர்க்காடு, தென்னார்க்காடு ஜில்லாக்களின் கிராமங்களில் திரௌபதி துகில் உரிதல் நடக்கும்போது, துச்சாதன வேஷக்காரர் அம்மன் சேலையைத் தொடுமுன் கூத்தை நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற வழக்கம் உண்டு. எதிரே திரௌபதியாக நிற்பது மீசையை மழித்த ஓர் ஆண்பிள்ளை என்பது அவருக்குத் தெரியும். தாம் துச்சாதனன் அல்ல என்பதும் தெரியும். தெரிந்தும் கும்பிடுகிறார். ‘நடிப்புத்தானே’ என்று அவர் சொல்வதில்லை. கை நம்முடைய கை, பிடிக்கிற சேலை நிஜச் சேலை. படிக்காத அந்த மனிதருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, கல்லூரி வகுப்பில் எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாமல் போயிற்று என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது. இங்கிலீஷில் கத்தியது வரையில் தெரியாது என்றே சொல்லலாம். தமிழில் கத்தினேனே, அப்போது?

அதற்குப் பிறகு நான் எழுத்தாளன் ஆனேன். என் நாவல்களில் திருடர்கள் வந்திருக்கிறார்கள். ஒரு கொலைகாரன் வந்திருக்கிறான். மருமகளைப் பட்டினி போடும் மாமியார் வந்திருக்கிறாள். “இவ்வளவு கொடுமையாக எப்படி ஸார் எழுத முடிகிறது?” என்று வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். பாத்திரத்தின் பேச்சு ஆசிரியரின் பேச்சு ஆகாது என்று, எல்லோரும் எழுதுகிற பதிலைத்தான் நானும் எழுதுகிறேன். அது உண்மையுங்கூட. ஆனாலும் வில்லன் வாயில் ஒரு நல்ல வசனம் விழுந்து, எனக்கு உற்சாகம் பொங்குகிற இரவுகளில், பச்சை அட்டை ஞாபகம் வருகிறது. இந்த வார்த்தை சீட்டில் இருந்ததா, நானாகச் சேர்த்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பார்த்துவிட்டு, பெரும்பாலும், அடிக்காமலே விட்டுவிடுகிறேன். நல்ல வசனமாயிற்றே!

இதையெல்லாம் வைத்து மாணவர்களை நடிக்கவிடக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நேர் விரோதமாகத்தான் சொல்வேன். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் நானும் புரூட்டஸாகவே இருந்து, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, என்னைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொண்டே காலம் கழித்திருப்பேன். ஆனால் எங்கள் ஆசிரியர் ஒரு மணி நேரத்தோடு நிறுத்தியிருக்கக்கூடாது. மறுநாள் பெஞ்சுகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. நாலாவது அங்கம் ஆரம்பமாகிவிட்டது. நேற்று என்ன நடந்தது என்று எங்களை அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பது வேறு கேள்வி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் தோளைத் தொட்டார். விபூதியைக் கண்டுதான் அடையாளம் தெரிந்தது. தலை நரைத்துவிட்டது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலையாம். என் கதைகளைப் படிப்பதுண்டு என்றான்.

“நீ இப்போ எழுதறதில்லையா?” என்று கேட்டேன்.

“எழுதாம என்ன? தினம் எழுதறேன், வரவு செலவு” என்று சிரித்தான். பிறகு, “அந்த சீஸர் டிராமா ஞாபகம் இருக்காப்பா? நீ போட்ட சத்தம் இன்னும் என் காதிலே இருக்கு. நிஜமாவே பயந்துட்டேன்” என்றான்.

இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்ல வைத்திருந்தது வாய்வரை வந்தது.

“அந்த நோட்டு...” என்றேன்.

“எந்த நோட்டு?”

முகத்தைப் பார்த்தேன். இத்தனை பாத்திரங்களின் முகங்களை வரி வரியாக எழுதியவன் நான். அவன் மறந்துதான் போனானா, எனக்காக மறந்தவனாக நிற்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் கண்டக்டர் நிலக்கோட்டை, நிலக்கோட்டை என்று கூவ ஆரம்பித்துவிட்டார். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். இரண்டு டீக்கும் காசை அவனே கொடுத்திருந்தான்.